பால் டின்

காக்கி புக்கிட்டில் ஒரு திங்கட்கிழமை.
எனக்கு ஓய்வு நாள்.
பட்டறை வாசலில் பிளாஸ்டிக் முக்காலி.
என் வண்டியை மேலே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்,
அடிவயிறு தெரிய.
பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கதவுக்குக் கீழே பெயின்ட்டில் ஒரு கொப்புளம்.
ஐம்பது காசு அகலம்கூட இல்லை.
ஸ்க்ரூடிரைவரின் பிடியால்
தட்டிக்கொண்டே போகிறார் ஜம்ரி.
டங். டங். டங். டொப்.
அங்கே நிறுத்தி என்னைப் பார்க்கிறார்.

அந்த டொப் எனக்குத் தெரியும்.
பதினாறு வருடமாகப் பல் டாக்டர் பக்கத்தில் நின்று
உறிஞ்சுகுழாய் பிடிக்கிறேன்.
வெளியே ஊசிமுனை என்றால்
உள்ளே ஒரு குகை.
வாய் திறப்பவர்கள் எல்லோரும் ஒரே பொய்தான் சொல்வார்கள்:
போன வாரம்தான் வலிக்க ஆரம்பித்தது.

கராத், என்றார் ஜம்ரி.
மலாயில் துருவுக்கும் தங்கத்தின் மாற்றுக்கும்
அதே சொல்.
எத்தனை காரட் என்று கேட்டேன்.
சிரிக்காமல் விலை சொன்னார்.
சிஓஇ எவ்வளவு பாக்கி?
பதினாலு மாதம்.
அப்புறம் எப்படியும் நசுக்கத்தானே போகிறார்கள்,
பட்டி பூசி, தாள் தேய்த்து,
மேலே வெள்ளை அடித்துவிடலாமே.

எண்பது வயதுக்காரர்கள் வருவார்கள் எங்களிடம்,
கடைவாய்ப்பல் அடைக்க.
எத்தனை வருடத்துக்கு என்று
நாங்கள் கேட்டதில்லை.

வெட்டுங்கள் என்றேன்.

கிரைண்டர் அலறியது.
பழைய பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது,
ஈறின் நிறத்தில்.
அதற்கும் அடியில்
எட்டு ரிவெட்டுகளுக்கு நடுவே
தட்டிப் பரத்திய ஒரு பால் டின்.
தகரத்தில் அச்சிட்ட பசு
தலைகீழாக என்னைப் பார்த்தது.
எங்கள் வீட்டில் வாங்கிய ரகம்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில்
இதே இடத்துக்கு எண்ணூறு வெள்ளி கொடுத்தேன்.
பட்டறைக்கென்று வாங்கிப் போனவர் நற்குணன்,
அப்போது என் கணவர்.
இருட்டிய பிறகு வந்தார்,
கையெல்லாம் தின்னர் வாசனை.
நல்ல பட்டறை என்றார்.

ரிவெட்டுகள் ஒரே இடைவெளியில் இருந்தன.
அளந்து அடித்திருக்கிறார்.
கார் நிறுத்தத்தின் ஐந்தாம் தளத்தில்
ஞாயிறு முழுக்க மல்லாந்து படுத்து,
கத்தரிக்கோலால் பசுவை வெட்டி.

எண்ணூறு எங்கே போயிற்று?
வேலை போனதை மூன்று வாரம் சொல்லாமல்
தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக் கிளம்பிய மாதம் அது.
என் பணத்தையே சம்பளமென்று
எனக்கே திருப்பித் தந்தாரோ.
ஜொகூரில் இருக்கிறார்.
கூப்பிட்டால் எடுப்பார்.
கைப்பேசியை எடுத்தேன்,
மணி பார்த்தேன்,
வைத்தேன்.

டின்னில் துருவே இல்லை.
அதைச் சுற்றியிருந்த டொயோட்டாதான்
பிஸ்கட்டாகியிருந்தது.

எப்படி இவ்வளவு தண்ணீர் தங்கியது என்று
ஒரு கம்பியை விட்டுக் கிளறினார் ஜம்ரி.
வடிதுளை முழுக்க அங்சானாப் பூ.
மஞ்சளாய் விழுந்ததெல்லாம் உள்ளே இறங்கிக்
கறுத்துக் களியாகி அடைத்திருந்தது.
புளோக்குக்குக் கீழே, நிழலுக்காக,
எத்தனையோ வருடம் அதே மரத்தடி.
அங்கே நிறுத்தியது
நற்குணன் இல்லை.

வெள்ளை இரும்பு வரும்வரை வெட்டினார்கள்.
அதற்கு ஒரு முழம் போக வேண்டியிருந்தது.
புதுத் தகட்டைப் பற்றவைத்தபோது
பார்க்காதே என்று கையால் மறைத்தார்.
பார்த்தேன்.
ராத்திரி வரை கண்ணில் ஒரு பச்சைப் புள்ளி.

வியாழன் மாலை வண்டி கிடைத்தது.
பற்றவைத்த இடம் தெரிகிறது,
குனிந்து தேடினால்.
யூனோஸ் சிக்னலில் மழை பிடித்துக்கொண்டது.
கதவை ஒரு விரற்கடை திறந்து
கீழே எட்டிப் பார்த்தேன்:
துளை வழியே ஒழுகிக்கொண்டிருந்தது,
ஒழுங்காக.
பச்சை விழுந்தது தெரியவில்லை.
பின்னால் லாரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

டின் பின்சீட்டில் இருக்கிறது.
ஓரம் கூர், கை கிழியும் என்று
ஜம்ரி துணி சுற்றிக் கொடுத்தது.